அகழியைத் தூர்வாரியபோது: சஃபோக் பண்ணைவீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் கவுன்டியில், களிமண் மேட்டுநிலத்தில் இருக்கும் ஒரு பழைய பண்ணைவீட்டில் நடந்தது இது. வீட்டுக்காரர்கள் ஓய்வுபெற்ற தம்பதி. நான் இந்த வேலைக்கு அழைக்கப்பட்ட தொல்லியல் ஆலோசனைக் குழுவில் இருந்தேன். ஊர், ஆட்கள், ஆண்டு எதையும் இங்கே சொல்லவில்லை. அவை இல்லாமலே நடந்ததைப் புரிந்துகொள்ளலாம்.

வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் அகழி. இப்படி அகழி சூழ்ந்த இடைக்கால மனைகள் இங்கிலாந்தில் சுமார் 6,000 இருப்பதாகக் கணக்கு. பெரும்பாலானவை 1250-க்கும் 1350-க்கும் இடையே தோண்டப்பட்டவை. சஃபோக், எசெக்ஸ் போன்ற களிமண் பகுதிகளில் அடர்த்தி அதிகம். தோண்டியவர்கள் அரசர்களோ பெரிய பிரபுக்களோ அல்லர். சிறு மேனர்களின், அதாவது இடைக்காலப் பண்ணை ஆட்சிநிலங்களின், உரிமையாளர்கள், வசதியான சுதந்திரக் குடியானவர்கள், சில மடங்கள். கோட்டைக்கு அகழி இருக்கிறது, நமக்கும் ஒன்று இருக்கட்டும் என்ற அந்தஸ்து ஆசை இதில் பெரும்பங்கு. படை வந்தால் இந்த அகழி தடுக்காது. திருடனையும் அலையும் மாட்டையும் தடுக்கும். மீன் வளர்க்கலாம், தீப்பிடித்தால் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தோண்டிய மண்ணை உள்ளே கொட்டி மனையை மேடாக்கிக்கொள்ளலாம், களிமண்ணில் அதுவே பெரிய லாபம். மதிலின் உச்சியில் கோட்டைபோல் பல்வரிசை வடிவப் போர்முகப்பு வைக்க அரசரிடம் உரிமம் வாங்கும் வழக்கம் இருந்தது. வெறும் அகழிக்கு அந்தத் தொல்லையும் இல்லை. 1348-49 கொள்ளைநோய்க்குப் பிறகு இந்த மோகம் தணிந்துவிட்டது.

கென்ட்டின் ஐட்டம் மோட், வார்விக்‌ஷயரின் பேட்ஸ்லி கிளின்டன், நார்ஃபோக்கின் ஆக்ஸ்பரோ ஹால், செஷயரின் லிட்டில் மோர்ட்டன் ஹால் ஆகிய இடங்களின் படங்களைப் பார்த்தால், தெளிந்த நீருக்குள்ளிருந்து வீடு எழுந்து நிற்பதுபோல் இருக்கும். இந்தத் தம்பதியின் மனதிலும் அப்படியொரு படம்தான் இருந்தது. ஆறாயிரத்தில் பெரும்பாலானவை அப்படி இல்லை. வயல் ஓரத்தில் புல் மூடிய ஒரு பள்ளம், செந்தட்டிப் புதர், சாய்ந்த வில்லோ மரம். வீடு போய்ப் பள்ளம் மட்டும் மிஞ்சிய இடங்களும் நிறைய.

சட்டம் எதைக் காக்கிறது

பழஞ்சின்னங்களைக் காக்க பிரிட்டனில் 1882-இலேயே முதல் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1979-ஆம் ஆண்டின் சட்டம். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 இடங்கள் இதன்கீழ் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள். எல்லா அகழிமனைகளும் அதில் இல்லை. தேசிய அளவில் முக்கியம் என்று கருதப்பட்டவை மட்டும். பட்டியலில் ஓர் இடம் ஏறிவிட்டால், அதை இடிப்பது, சேதப்படுத்துவது மட்டுமல்ல, பழுதுபார்ப்பது, எதையாவது சேர்ப்பது, மண் கொட்டுவது, நீரில் மூழ்கடிப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். பண்பாட்டுத் துறை அமைச்சரின் பெயரில் ஒப்புதல் வரும், ஆலோசனை சொல்வது ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. செலவுக்குப் பயந்து விண்ணப்பிக்கவில்லை என்று சொல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மக்கள் குடியிருக்கும் வீட்டை இந்தச் சட்டப்படி நினைவுச்சின்னமாக அறிவிக்க முடியாது. ஆனால் அந்த வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலத்தை அறிவிக்கலாம். எங்கள் தளத்திலும் அப்படித்தான். மரச்சட்ட வீடு தனியாக வேறொரு சட்டத்தின்கீழ் இரண்டாம் தரப் பாரம்பரியக் கட்டடம். உள்மேடு, நான்கு கை அகழி (பக்கத்துக்கு ஒரு கை), வெளிக்கரை ஆகியவை நினைவுச்சின்னம். வீடு அதில் சேராது, வீட்டுக்கு அடியில் உள்ள மண் சேரும்.

வீடு பாரம்பரியக் கட்டடம் என்பது தம்பதிக்குத் தெரியும். ஜன்னல் மாற்ற உள்ளாட்சியிடம் முறையாக அனுமதி வாங்கியவர்கள் அவர்கள். நினைவுச்சின்னம் என்பதும் வீடு வாங்கிய பத்திரங்களில் இருந்தது, ஏனென்றால் நினைவுச்சின்ன அறிவிப்பு நிலத்தின்மீதான உள்ளாட்சிப் பொறுப்பாகப் பதிவாகும். அதுவும் வீட்டைத்தான் குறிக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

தளத்தின் நிலை

வாங்கியபோதே அகழி நல்ல நிலையில் இல்லை. மேற்குக் கை கோடையில் முழுக்க வறண்டு கிடந்தது. வடக்கில் பாசி மூடிய சேறு. கிழக்கிலும் தெற்கிலும் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். வயலிலிருந்து வரும் ஓடை வடகிழக்கு மூலையில் உள்ளே வந்து தென்மேற்கு மூலையில் வெளியேறும். தெற்கே பழைய பாலம் இருந்திருக்கக்கூடிய இடத்தில் இப்போது மண்பாதை. ஒரு காலத்தில் அங்கே படகு விட்டார்கள் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்லியிருக்கிறார்.

தண்ணீர் குறைந்துவிட்டது, சேறு நாறுகிறது, ஆகவே சேறு நிரம்பிவிட்டது, ஆகவே அள்ள வேண்டும். வீட்டுக்காரர் போட்ட கணக்கு இதுதான். இதை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏரி, குளத்தைத் தூர்வாருவதைப் புண்ணியமாகப் பார்த்து வளர்ந்த நமக்கும் முதலில் அதுதான் தோன்றும். பாசன ஏரியில் வண்டல் இடத்தை அடைக்கும் பொருள். இங்கே அந்த வண்டலே பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் முக்கியப் பகுதி.

அக்டோபரில் நடந்தது

பண்ணைக்குட்டைகளைச் சுத்தம் செய்யும் ஓர் ஒப்பந்தக்காரரை அமர்த்தினார்கள். அவர் பொக்லைன் இயந்திரத்தை வடக்குக் கையில் இறக்கினார். அங்கேதான் வாட்டமாக நின்று அள்ள இடம் இருந்தது. மேலே கறுப்புச் சேறு, அதற்குக் கீழே குச்சியும் இலையும் அழுந்திய பழுப்பு மண், அதற்கும் கீழே நீலச்சாம்பல் களி. களி தெரியும்வரை அள்ளிவிட்டார். அள்ளியதை உள்மேட்டின் தாழ்ந்த மூலையில் கொட்டி, புல்தரைக்குச் சமன்செய்யத் தொடங்கினார்.

வயல் ஓரம் பொதுநடைபாதை ஒன்று போகிறது. அதில் நடந்துபோன ஒருவர், மண்குவியலில் துளையிட்ட தடிமனான மரத்துண்டு கிடப்பதைப் பார்த்து, கவுன்டியின் தொல்லியல் பிரிவுக்குத் தொலைபேசினார். அன்று மாலையே வேலை நின்றது. அதற்குள் 14 மீட்டர் நீளம் போய்விட்டது.

முதல் நாட்களின் முடிவுகள்

நாங்கள் போனபோது வீட்டுக்காரர் பதற்றத்தில் இருந்தார். குவியலை உடனே அகற்றிவிடுவதாகவும், அள்ளியதைத் திரும்பப் பள்ளத்தில் போட்டுவிடுவதாகவும் சொன்னார். இரண்டையும் வேண்டாம் என்றோம்.

நீர் தேங்கிய மண்ணில் காற்று புகாது, அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடியாது. அதனால்தான் எழுநூறு ஆண்டுக்கு முந்தைய தோல், மரம், விதை, மகரந்தம் எல்லாம் அப்படியே கிடக்கும். வெளியே எடுத்து உலரவிட்டால் மரம் வெடிக்கும், தோல் சுருங்கும். குவியலைத் தொட்டு நகர்த்தினால் இன்னும் சிதையும். திரும்பப் பள்ளத்தில் போட்டால், கலைந்த மண்ணையும் கலையாத மண்ணையும் பிறகு யாராலும் பிரித்தறிய முடியாது. எனவே குவியலை நனைத்துப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடினோம். அதன் ஒரு பகுதியை மட்டும் சல்லடையில் போட்டுக் கழுவினோம்.

கிடைத்தவை: செருப்பின் அடித்தோல் துண்டுகள், இடைக்காலப் பானையோடுகள், சிப்பி ஓடுகள், கொட்டைகள், துளையிட்ட இரண்டு ஓக் மரத்துண்டுகள். அந்த மரங்கள் பாலத்தின் அடிச்சட்டமாக இருந்திருக்கலாம். அகழியின் தரையில் கிடைமட்டமாகச் சட்டம் கிடத்தி அதன்மேல் கால் நிறுத்திப் பாலம் கட்டுவது அக்கால வழக்கம். ஆனால் இவை எந்த அடுக்கில், எந்தத் திசையில் கிடந்தன என்பது இயந்திரத்தின் வாளியோடு போய்விட்டது. மரவளையக் கணக்கால் காலம் பார்க்கலாம் என்றால், அதற்குத் தேவையான அளவு வளையங்கள் இரண்டிலுமே இல்லை. பாலம் இப்போது மண்பாதை இருக்கும் தெற்கில் இல்லாமல் வடக்கில் இருந்ததா? இந்தத் தளத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. பதில் அந்த 14 மீட்டரில் இருந்திருக்க வாய்ப்புண்டு.

வெட்டப்பட்ட முகத்தைச் சீவி, வரைந்து, படமெடுத்து, மாதிரி எடுத்தோம். அதில் இன்னொரு மரம் பாதி நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவில்லை. எடுத்தால் அதைப் பாதுகாக்கும் செலவும் பொறுப்பும் தொடரும், மண்ணுக்குள் இருந்தால் அது தானாகவே பாதுகாப்பாக இருக்கும். ஈரக்களியால் அப்பி மூடினோம்.

வழக்கா, எச்சரிக்கையா

ஒப்புதலின்றி இப்படி வேலை செய்வது குற்றம். அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. இது நினைவுச்சின்னம் என்று தெரியாது, தெரிந்திருக்க வழியும் இல்லை என்று காட்டினால் தப்பலாம். பத்திரத்தில் எழுதியிருந்ததால் அந்த வாதம் நிற்காது.

வீட்டுக்காரரின் வழக்கறிஞர் இன்னொரு வழியைப் பார்த்தார். 1994-ஆம் ஆண்டின் ஆணைப்படி, கடந்த ஆறு ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் முறைப்படி செய்துவந்த விவசாய, தோட்ட வேலைகளைத் தனி ஒப்புதல் இல்லாமல் தொடரலாம். ஆனால் உழாத நிலத்தில் 300 மில்லிமீட்டருக்குக் கீழே மண்ணைக் கலைக்கும் வேலை அதில் சேராது, மண் கொட்டுவதும் வடிகால் வேலையும் சேராது. இங்கே ஆறு ஆண்டுகளுக்குள் யாரும் தூர்வாரியதும் இல்லை. அந்த வழியும் அடைபட்டது.

கடைசியில் வழக்குத் தொடரப்படவில்லை, எழுத்துமூல எச்சரிக்கை வந்தது. சொன்ன உடனே நிறுத்தியது, எதையும் மறைக்காதது, ஆவணப்படுத்தும் செலவை ஏற்றுக்கொண்டது ஆகியவை கணக்கில் எடுக்கப்பட்டன. இது சரியான முடிவு என்பதே என் எண்ணம். வழக்குப் போட்டே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. சாமர்செட்டில் பிரிடி வட்டங்கள் என்னும் புதிய கற்காலச் சின்னத்தை 2011-இல் இயந்திரம் விட்டுக் கெடுத்த நிகழ்வில், நில உரிமையாளருக்கு 2012-இல் 2,500 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. வழக்குச் செலவும் சீரமைப்புச் செலவும் அதைவிடப் பல மடங்கு. சேதத்தைச் சரிசெய்யப் பணம் வந்ததுதான் அங்கே கிடைத்த உண்மையான பலன். நம் தளத்தில் அந்தப் பணம் வழக்கில்லாமலே வந்தது. ஒப்பந்தக்காரர் மட்டும் எந்தச் செலவுமில்லாமல் நழுவிவிட்டார் என்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

குழாயில் வந்த சேறு

அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்க, அகழி முழுவதும் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தெரிய வேண்டும். உள்ளீடற்ற குழாயை அழுத்தி, அடுக்கு குலையாமல் சேற்றை எடுக்கும் முறையில் நான்கு கைகளிலும் மாதிரி எடுத்தோம்.

கிழக்கிலும் தெற்கிலும் மேலே கொஞ்சம் இலைச்சேறு, உடனே கீழே களி. இரண்டும் சேரும் இடத்தில் புட்டிக்கண்ணாடி, செங்கல் துண்டு, முள்கம்பித் துணுக்கு. அதாவது அந்த இரண்டு கைகளையும் நவீன காலத்தில் யாரோ ஏற்கெனவே அடிவரை தூர்வாரியிருக்கிறார்கள். இடைக்கால அடுக்கு அங்கே இல்லை. வடக்கிலும் மேற்கிலும் மட்டும் அந்தப் பழுப்பு அடுக்கு கனமாக, கலையாமல் இருந்தது. நான்கு கைகளில் இயந்திரம் இறங்கக் கூடாத இரண்டில் ஒன்றில்தான் அது இறங்கியிருந்தது.

மட்டம் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. தென்மேற்கு மூலையில் செங்கல் கட்டிய பழைய கலிங்கு ஒன்று புதருக்குள் இருந்தது. இப்போது தண்ணீர் அதன் வழியே போகவில்லை. அதைவிட அரை மீட்டருக்கும் மேல் தாழ்வாக ஒரு வடிகால் குழாய் பதிக்கப்பட்டிருந்தது. பக்கத்துப் புல்வெளியைக் கோதுமை வயலாக்கியபோது, நினைவுச்சின்ன அறிவிப்புக்கு முன்பு, யாரோ போட்டது. அகழி வற்றியதற்குக் காரணம் சேறு நிரம்பியது அல்ல, வெளிவாய் தாழ்ந்தது.

வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. இயந்திரத்துக்குக் கொடுத்த காசில் ஒரு குழாயை அடைத்திருக்கலாம்!

மேற்குக் கையின் மாதிரி இன்னும் கவலை தந்தது. கோடைதோறும் உலர்ந்ததால் பழுப்பு அடுக்கின் மேற்பகுதி வெடித்து, வேர் ஓடி, காற்றுப்பட்டுச் செம்மை பாய்ந்திருந்தது. இயந்திரம் வடக்கில் ஓரிரு நாளில் செய்த சேதத்தை அந்தக் குழாய் மேற்கில் பல பத்தாண்டுகளாக மெதுவாகச் செய்துகொண்டிருந்தது. வேலையை நிறுத்திவிட்டு அப்படியே விட்டுவிடலாம் என்று கருதியவர்கள் எங்கள் குழுவிலும் இருந்தார்கள். இந்த மாதிரி அந்த வாதத்தை முடித்துவைத்தது.

என்ன தீர்மானித்தோம், ஏன்

முழுத் தூர்வாரல் என்ற பேச்சே எழவில்லை. நீர்மட்டத்தைப் பழைய கலிங்கின் உயரத்துக்கு ஏற்றுவது, ஏற்கெனவே தூர்வாரப்பட்ட கிழக்குக் கையை மட்டும் சுத்தம் செய்வது, வடக்கையும் மேற்கையும் தொடாமல் நீருக்கடியில் விடுவது என்பதுதான் திட்டம். கிழக்குக் கையைச் சேர்த்ததில் கொஞ்சம் சமாதான நோக்கமும் உண்டு. அது வீட்டின் முகப்புக்கு எதிரே இருக்கிறது. இழக்க ஏதுமில்லாத இடத்தில் வீட்டுக்காரர் விரும்பிய நீர்ப்பரப்பைக் கொடுத்தால், மற்ற இரண்டு கைகளையும் அவரே காப்பார் என்று நம்பினோம்.

தண்ணீரை ஏற்றுவதற்கும் ஒப்புதல் வேண்டும், நீரில் மூழ்கடிப்பதும் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறதே. நீர் ஏறினால் உள்மேட்டின் கரை கரையுமா, வீட்டின் அடிச்சட்டம் ஈரம் ஏறிக் கெடுமா, பக்கத்து வயல் சதுப்பாகுமா என்ற கேள்விகளுக்கு விடை தேவைப்பட்டது. உள்மேட்டில் நிலத்தடி நீர் பார்க்கும் குழாய்கள் இறக்கினோம். வயல்காரரிடம் பேசி, அவருடைய வடிகாலை அகழிக்குள் வராமல் சுற்றித் திருப்ப ஒத்துக்கொள்ள வைத்தது வீட்டுக்காரரின் மனைவி. இந்த முழு விவகாரத்திலும் மிகக் கடினமான வேலை அதுதான்.

அப்புறம் நியூட். பெரிய கொண்டை நியூட் என்ற வாலுள்ள நீர்நில உயிரி இங்கே சட்டப் பாதுகாப்பு பெற்றது. பழைய அகழிகள் அதற்குப் பிடித்த இடம். நீரில் அதன் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கான மாதிரியை ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரைதான் எடுக்க முடியும். சோதனையில் இருப்பது உறுதியானது. ஆகவே தனி உரிமம், ஆகவே நியூட்கள் நீரைவிட்டுக் கரையேறியிருக்கும் குளிர்காலத்தில் மட்டும் வேலை. ஓராண்டு தள்ளிப்போனது. வீட்டுக்காரருக்கு எரிச்சல், நியாயமான எரிச்சல்தான்.

பணியும் அதன்பின்னும்

அடுத்த குளிர்காலத்தில் கிழக்குக் கையைப் பல்லில்லாத வாளியால், தொல்லியலாளர் கூடவே நின்று பார்க்க, களிக்கு மேல் ஒரு மெல்லிய படிவத்தை விட்டு அள்ளினார்கள். மண் முழுதும் நினைவுச்சின்ன எல்லைக்கு வெளியே போனது. உள்மேட்டில் கிடந்த பழைய குவியலைச் சிறு இயந்திரத்தால் பலகைமேல் நின்று எடுத்தோம். வில்லோக்களை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டினோம், வேர் பிடுங்கினால் அடுக்கும் கூட வரும். வடக்கின் 14 மீட்டர் பள்ளத்தில் முதலில் ஒரு செயற்கைத் துணி விரித்து, அதன்மேல் வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான களியை நிரப்பினோம். பிற்காலத்தில் யார் தோண்டினாலும் எதுவரை சேதம், எங்கே தொடங்குகிறது பழையது என்பது அந்தத் துணியில் தெரிந்துவிடும். வடிகால் குழாயை அடைத்து, கலிங்கில் ஏற்றி இறக்கக்கூடிய பலகைகள் பொருத்தினோம்.

வசந்தத்துக்குள் நீர் கலிங்கைத் தொட்டது. அடுத்த கோடையில் மேற்குக் கை வறளவில்லை. வீட்டடி ஈரம் கூடவில்லை. ஆனால் வடக்கில் களி நிரப்பிய இடத்தின் கரை ஒருமுறை சரிந்து, மரக்கிளைகளைக் கட்டாகக் கட்டி முட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. நீரும் தெளியவில்லை. வயல் உரம் ஓடைவழியே வந்து பாசியை வளர்க்கிறது. எல்லைக்கு வெளியே நாணல் வளர்த்த சிறு வண்டல்குட்டை ஒன்று அமைத்த பிறகு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஐட்டம் மோட் படம்போல ஆகவில்லை. ஒப்பந்தக்காரர் முதலில் கேட்ட தொகையைவிடப் பல மடங்கு வீட்டுக்காரருக்குச் செலவாகியிருந்தது.

பலகைகளின் உயரம், புல் வெட்டும் முறை, நிலத்தடி நீர் பார்க்கும் குழாய்களின் அளவுகளைக் குறித்துவைப்பது ஆகியவற்றுக்காக 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு பராமரிப்பு உடன்பாடு எழுதப்பட்டது. அளவுகளை இப்போது எடுப்பது வீட்டுக்காரரின் மனைவி.

எது மாற வேண்டும்

இதே சூழல் மீண்டும் வந்தால், மாதிரி எடுப்பதற்கும் முன்னால் மட்டம் பார்ப்போம். நீர் எங்கே போகிறது என்பதற்கு ஒரு நாள் வேலையில் விடை கிடைக்கும், பல திட்டங்கள் அங்கேயே தேவையற்றுப் போகும். நியூட் சோதனையையும் ஒப்புதல் பேச்சோடு ஒரே சமயத்தில் தொடங்கினால் ஒரு குளிர்காலம் மிச்சமாகும்.

பத்திர விஷயத்தில் எனக்குத் திடமான கருத்து உண்டு. ஒரு வரியில் நினைவுச்சின்னம் என்று எழுதி ஓர் எண்ணைக் கொடுப்பதால் யாருக்கும் எதுவும் புரிவதில்லை. எல்லைக்கோடு போட்ட வரைபடம் இணைப்பாக இருந்தால், வீடு வேறு, நிலம் வேறு என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். வரைபடம் ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் தேசியப் பட்டியலில் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கிறது, வழக்கறிஞர் ஒரு தாளாக அச்சிட்டு வைத்தால் போதும்.

ஒப்பந்தக்காரர்களிடம் போவதுதான் இன்னும் பலன் தரும். சஃபோக்கில் அகழியைத் தூர்வார விரும்புகிற எவரும் கடைசியில் பொக்லைன் வைத்திருக்கும் ஒருவரைத்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பகுதியில் குட்டை வேலை செய்பவர்களை அழைத்து, வேலை ஒத்துக்கொள்வதற்கு முன் பட்டியலைப் பார்க்கச் சொல்லும் சிறு கூட்டங்களை கவுன்டியின் தொல்லியல் பிரிவோடு சேர்ந்து நடத்தத் தொடங்கியிருக்கிறோம். முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர், தான் அடுத்த மாதம் தூர்வார ஒத்துக்கொண்ட பண்ணைக்குட்டையின் இடத்தை வரைபடத்தில் காட்டினார். அது ஓர் அகழியின் மூன்றாவது கை.